தோல் இழுக்கிறதா, உதிர்கிறதா, எரிகிறதா: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

தோல் வறட்சி என்பது எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் திரும்பி வருகிற ஒரு கோளாறு. என் முகம், என் கைகள், வயதான தாயின் கெண்டைக்கால், பதின்ம வயது மகனின் உதடு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து சரிசெய்து, எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வரிசை ஒன்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தோலைக் காயவைக்கும் பழக்கம் ஒன்று தொடர்ந்துகொண்டிருக்கும்வரை, அதன்மேல் எத்தனை கிரீம் பூசினாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராகவே போய்விடும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாமல் நிறுத்தக்கூடியவை முதலிலும், வாங்க வேண்டியவை அடுத்தும், மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை கடைசியிலும் வருகின்றன.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் தோல் சூடாகி, வீங்கி, வலியோடு பரவினாலும், சீழோ தேன் நிறப் பொருக்கோ தென்பட்டாலும், தோல் கோளாறோடு காய்ச்சல் சேர்ந்துகொண்டாலும், உடலின் பெரும்பகுதி சிவந்து உரிந்தாலும், ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) உள்ள இடத்தில் ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் திடீரென்று வலியுடன் கிளம்பினாலும், வீட்டில் எதையும் செய்து பார்க்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முதல் சோதனை: எண்ணெய் குறைவா, நீர் குறைவா?

வறண்ட சருமம் என்பதும் நீரிழந்த சருமம் என்பதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறானவை. வறண்ட சருமம் ஒருவருடைய இயல்பு. எண்ணெய்ச் சுரப்பு குறைவாக இருப்பதால் முகம் மட்டுமல்லாமல் கை, கால், உடல் என எல்லா இடத்திலும் ஆண்டு முழுவதும் அது தெரியும். நீரிழந்த சருமம் ஒரு தற்காலிக நிலை. எண்ணெய் வழியும் முகத்திற்கும் அது வரும், காரணம் விலகினால் போய்விடும்.

இரவில் வெதுவெதுப்பான நீரில் முகத்தைக் கழுவி, மெதுவாக ஒற்றியெடுத்து, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூத் தாளை நெற்றி, மூக்கு, கன்னம் ஆகிய இடங்களில் அழுத்திப் பாருங்கள். தாளில் எங்குமே எண்ணெய்ப்பசை படியாமல், தோல் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருந்தால் குறைவது எண்ணெய். தாளில் எண்ணெய் படிந்திருந்தும் முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்து, கன்னத்தை விரலால் லேசாக மேல்நோக்கித் தள்ளும்போது நூல் போன்ற மெல்லிய கோடுகள் தோன்றினால் குறைவது நீர். இரண்டு குறைவும் சேர்ந்திருந்து, சாதாரண கிரீம் பட்டாலே சுருக்கென்று எரிந்தால், தோலின் மேற்பூச்சே சிதைந்திருக்கிறது என்று கொண்டு நான்காம் அறிகுறிக்குச் செல்லுங்கள்.

புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது உடலின் ஒட்டுமொத்த நீர்க்குறைவைப் பார்ப்பதற்கானது. வயதானவர்களின் தளர்ந்த தோலில் அதற்குக்கூட அதை நம்ப முடியாது. இதேபோல, நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி நீங்கும் என்ற அறிவுரையையும் நான் கைவிட்டு நாளாகிவிட்டது. சிறுநீர் அடர் மஞ்சளாகவும் தலை கிறுகிறுப்பாகவும் இருந்தால் நீர் குடிக்கத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் கூடுதலாகக் குடிக்கும் நீர், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள அந்த வெளிப்படலத்தைப் போய் நனைப்பதில்லை. அங்கே உள்ள நீரை வெளியேறவிடாமல் காப்பதே நம் கையில் இருக்கும் வேலை.

இன்னொரு குறிப்பு: தோல் எரிச்சலைப் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் சிவப்பைத் தேடச் சொல்கின்றன. கருமையான தோலில் அந்தச் சிவப்பு சாம்பல், அடர் பழுப்பு அல்லது ஊதா கலந்த நிறமாகத் தெரியும். சில நேரங்களில் நிறமே மாறாமல் சூடும் தடிப்பும் மட்டும் இருக்கும். கண்ணை நம்புவதைவிட விரலால் தடவிப் பார்ப்பது மேலானது.

அறிகுறி 1: கழுவியதும் முகம் இழுக்கிறது, நண்பகலுக்குள் எண்ணெய் வழிகிறது

இது நீரிழந்த எண்ணெய்ச் சருமம். இந்த நிலையில் உள்ளவர்கள் எண்ணெயைக் கண்டு பயந்து மேலும் மேலும் கழுவுவார்கள். கழுவுதலே இங்கே முதற்காரணம்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை, எதைக்கொண்டு, எவ்வளவு சூடான நீரில் கழுவுகிறீர்கள் என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை பிஎச் கொண்ட, லேசான அமிலத்தன்மை உடையது. வழக்கமான சோப்புக்கட்டியின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும், அதாவது அது காரத்தன்மை உடையது. ஆகவே ஒரு வாரத்திற்குக் காலையில் வெறும் நீராலும், இரவில் ஒருமுறை மட்டும் சோப்புச் சேராத மென்மையான க்ளென்சராலும் கழுவிப் பாருங்கள். கழுவிய பத்து நிமிடத்தில் இழுப்பு குறைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது, மேலே படிக்கத் தேவையில்லை.

குறையவில்லை என்றால், மாய்ஸ்சரைசர் தடவாமல் விடுகிறீர்களா என்று பாருங்கள். எண்ணெய்ச் சருமத்திற்கு அது வேண்டாம் என்ற எண்ணம் தவறானது; கிளிசரின் கலந்த இலேசான ஜெல் அல்லது லோஷனை ஈரம் முழுவதும் காய்வதற்குள் தடவினால் போதும். கழுவக் கழுவத் தோல் அதற்கு ஈடுகட்ட அதிக எண்ணெய் சுரக்கிறது என்றும், மாய்ஸ்சரைசர் போட்டால் சுரப்பு அடங்கும் என்றும் சொல்வார்கள். சுரப்பிகளை இயக்குபவை பெரும்பாலும் ஹார்மோன்களே. எண்ணெய் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். இழுப்பு குறைவதுதான் வெற்றியின் அளவுகோல்.

அடுத்த காரணம் முகப்பரு மருந்துகள். பென்சாயில் பெராக்ஸைடு, சாலிசிலிக் அமிலம், அடாப்பலின், டிரெட்டினாயின் ஆகிய எல்லாமே காயவைக்கக்கூடியவை. நீங்களாக வாங்கியதென்றால் வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்குக் குறைத்து, முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். மருத்துவர் எழுதித் தந்ததென்றால் நிறுத்திவிடாமல், எத்தனை நாளுக்கு ஒருமுறை போடலாம் என்று அவரையே கேளுங்கள். ஆல்கஹால் கலந்த டோனர் எதுவும் இருந்தால் அதற்கு இந்தத் தோலில் இடமே இல்லை.

இவ்வளவும் செய்து நான்கு வாரம் கழித்தும் இழுப்போ பருவோ குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 2: கை கால்கள் வெள்ளை பூத்து, செதில் செதிலாக உதிர்கின்றன

நகத்தால் லேசாகக் கோடிழுத்தால் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாக விழும். வறட்சியிலேயே மிகப் பரவலானதும், பலர் தவறாகக் கையாள்வதும் இதுதான்.

குளியலிலிருந்து தொடங்குங்கள். நீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொண்டு, கை கால்களை வெறும் நீரில் அலசினால் போதும். அழுக்குப் படியும் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தாது. நார், பிரஷ், சொரசொரப்பான ஸ்க்ரப் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். செதிலைத் தேய்த்து எடுத்தால் அன்று வழவழப்பாகத் தெரியும், மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இந்தத் தவற்றை நான் ஓர் ஆண்டு முழுவதும் செய்திருக்கிறேன்.

அடுத்ததாகக் குளியலுக்கும் கிரீமுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் இன்னும் தோலில் தங்கியிருக்கும் மூன்று நிமிடங்களுக்குள் தடவிவிட வேண்டும். உடை மாற்றி, தலை வாரி, அரை மணி கழித்துத் தடவுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாரத்தில் காணலாம்.

மூன்றாவது, அளவு. இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கும் கிரீம் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குத்தான் போதும். அந்தக் கணக்கில் பாதம் நீங்கலாக ஒரு காலுக்கு ஆறு விரல்நுனி அளவு, அதாவது மூன்று கிராம் வேண்டும். இரண்டு கால்களுக்கும் நாளைக்கு இருமுறை தடவினால் பன்னிரண்டு கிராம் ஆகிறது. ஐம்பது கிராம் டியூப் நான்கு நாளில் தீர்ந்துவிட வேண்டும். உங்களுடையது இரண்டு மாதமாக மேசையில் இருக்கிறதென்றால் கிரீமைக் குறை சொல்வதில் பொருளில்லை. கரப்பான் உள்ளவர்களுக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரைகூடத் தேவைப்படுவது உண்டு. ஆகவே வாசனையும் அழகிய குப்பியும் கொண்ட சிறிய பொருளைவிட, தாராளமாக அள்ளித் தடவக்கூடிய பெரிய டப்பாவே நல்ல தேர்வு.

நான்காவது, அதன் வகை. லோஷனில் நீர் அதிகம், கிரீமில் எண்ணெய் கூடுதல், களிம்பில் நீர் அறவே இராது அல்லது மிகக் குறைவு. வறட்சி கூடக்கூட இதே வரிசையில் அடுத்ததற்கு நகருங்கள். செதில் கெட்டியாக இருந்தால் 5 முதல் 10 சதவீத யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீம் அதை இளக்கும். வெடிப்போ கீறலோ உள்ள இடத்தில் இவை எரியும் என்பதால் அங்கே பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். முடி வளரும் திசையிலேயே கீழ்நோக்கித் தடவினால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் புண்ணாவதைத் தவிர்க்கலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். களிம்பு தடவிய பாதத்தோடு குளியலறைத் தரையில் நடந்தால் முதியவர்கள் வழுக்கி விழுவார்கள். உட்கார்ந்தே தடவிவிட்டு, காலுறை மாட்டிய பின்தான் எழ வேண்டும். மேலும், எண்ணெய்ப்பசைக் களிம்புகள் ஊறிய துணியும் படுக்கை விரிப்பும் தீப்பட்டால் மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் அந்தப் பசை முழுதாக நீங்காது. அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட் ஆகியவற்றின் அருகே செல்பவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

ஐந்தாவது, அறைக் காற்று. ஏசியோ ஹீட்டரோ நாள் முழுவதும் ஓடும் அறையில் ஈரப்பதம் வெகுவாக இறங்கிவிடும். ஒரு சிறிய ஈரப்பதமானியை வைத்துப் பாருங்கள். 40 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் காற்று நேராக உடலில் படாதபடி படுக்கையைத் திருப்பிப் போடுவதும், தேவைப்பட்டால் ஈரப்பதமூட்டி வைப்பதும் பயன்தரும். அந்தக் கருவியை அடிக்கடி கழுவாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன்.

இவை எல்லாவற்றையும் மூன்று நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால், தோலுக்கு வெளியே காரணம் தேட வேண்டும். சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள், முகப்பருவுக்கான ஐசோடிரெட்டினாயின் ஆகியவை வறட்சியை உண்டாக்கக்கூடும். உடல் எடை கூடுதல், சோர்வு, குளிர் தாங்காமை ஆகியவை சேர்ந்திருந்தால் தைராய்டையும், ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்திருந்தால் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கால் தோல் வறண்ட ஆற்றுப் படுகைபோல் பாளம் பாளமாக வெடித்துச் சிவந்திருந்தால் அது வறட்சிக் கரப்பான். அதற்கு மாய்ஸ்சரைசரோடு மருந்தும் வேண்டும். குழந்தைப் பருவத்திலிருந்தே மீன் செதில் போன்ற தோலும், உள்ளங்கையில் ஆழ்ந்த ரேகைகளும் இருந்தால் அது பெரும்பாலும் பிறவி இயல்பு. தோலின் காப்புப் படலத்தை உருவாக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடே அதற்குக் காரணம் என்பது 2006இல் கண்டறியப்பட்டது. ஆனால் நடுவயதில் புதிதாக மீன் செதில் தோல் தோன்றினால் அதை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே மறைந்திருக்கும் வேறு நோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 3: கிரீம் தடவுகிறேன், ஒரு மணி நேரத்தில் மீண்டும் வறண்டுவிடுகிறது

ஒரு கையில் நீங்கள் வழக்கமாகத் தடவுவதையே தடவுங்கள். மறு கையை நனைத்து, ஈரத்தின்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். மூன்று இரவுகள் இப்படிச் செய்து காலையில் ஒப்பிடுங்கள்.

இரண்டாம் கை தெளிவாக நன்றாக இருந்தால், உங்கள் கிரீம் ஈரத்தை இழுத்துக் கொடுக்கிறதே தவிர அதை அடைத்து வைப்பதில்லை என்று பொருள். ஹயலூரோனிக் அமில சீரத்தை மட்டும் பூசிக்கொண்டு ஏசி அறையில் உட்காருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. சீரத்தை வீசியெறிய வேண்டியதில்லை. ஈர முகத்தில் அதைப் பூசி, உடனே மேலே ஒரு கிரீமைப் போட்டு மூடினால் போதும். மாற்றி வாங்குவதாக இருந்தால் கிளிசரினும், செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியவையும் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். தோல் அணுக்களுக்கு இடையே இயற்கையாக இருக்கும் பூச்சும் இவற்றால் ஆனதே. முகப்பரு வரக்கூடிய முகத்தில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவச் சிலர் தயங்குவார்கள். அவர்கள் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் கலந்த கிரீமைத் தேடலாம்.

இரண்டு கைகளும் ஒன்றுபோலவே வறண்டிருந்தால் செதில் கெட்டியாகிவிட்டது என்று கொண்டு, யூரியா கிரீமை இரண்டு வாரம் பயன்படுத்துங்கள். அதற்கும் மசியாத தடித்த திட்டு ஒன்று எல்லை வகுத்ததுபோல் நின்றால் அது சோரியாசிஸாகவோ கரப்பானாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

அறிகுறி 4: எதைத் தடவினாலும் எரிகிறது

இந்த நிலையில் உள்ளவர்கள் மேலும் ஒரு பொருளைத் தேடித்தான் அலைவார்கள். நான் மனமாரச் சொல்வது, தடவுவதை எல்லாம் நிறுத்துங்கள் என்பதே. நான்கு வாரத்திற்கு இரவில் ஒருமுறை மென்மையான க்ளென்சர், இருவேளையும் வாசனை சேர்க்காத எளிய மாய்ஸ்சரைசர், பகலில் துத்தநாக ஆக்ஸைடு கொண்ட சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் தவிர வேறெதுவும் முகத்தில் படக் கூடாது. மாய்ஸ்சரைசரும் எரிந்தால் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போதும். வைட்டமின் சி, ரெட்டினால், அமிலங்கள், முகத்தில் ஒட்டும் மாஸ்க் தாள்கள், வீட்டில் அரைத்துப் பூசும் கலவைகள், எலுமிச்சைச்சாறு, எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுங்கள். முதல் வாரத்தில் எதுவும் மாறாததுபோல் தோன்றும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயது கூடினால் இன்னும் நீளும். அதற்குள் பொறுமை இழந்து புதிதாக ஒன்றைச் சேர்ப்பதால்தான் பலருடைய தோல் தேறுவதே இல்லை.

எரிச்சல் அடங்கிய பின், நிறுத்தியவற்றை இரண்டு வாரத்திற்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒவ்வொன்றையும் முகத்திற்குக் கொண்டுபோகும் முன், முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணயத்தின் அளவுக்கு, நாளைக்கு இருமுறையாக ஏழு நாள் தடவிப் பாருங்கள். ஒரே நாள் தடவிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமை பல நாள் கழித்தும் தலைகாட்டும்.

பொருள்களின் பின்னட்டையில் முதலில் தேட வேண்டியது வாசனைத் திரவியம். வாசனையே இல்லாததுபோல் தோன்றும் பொருளிலும் மூலப்பொருள்களின் மணத்தை மறைக்க வேறொரு மணம் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், மூக்கை நம்பாமல் பட்டியலைப் படியுங்கள். அடுத்து, மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதனப்பொருள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். இயற்கைப் பொருள், மூலிகை என்ற சொற்கள் இங்கே எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. மணத் தைலங்களே ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களில் முன்னணியில் உள்ளவை.

ஒரு கிளை மட்டும் தனியாக வருகிறது. நிறம் வெளுக்க, தேமல் போக, பரு மறைய என்று யாரோ பரிந்துரைத்த கிரீமை மாதக்கணக்கில் பூசி, அதை நிறுத்தியதும் முகம் சிவந்து எரியத் தொடங்கினால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். திரும்பப் பூசினால் உடனே அடங்கும், அதனாலேயே விடமுடியாமல் போகும், நாளடைவில் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். அந்த டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எரிச்சலோடு முகம் அடிக்கடி திகுதிகுவென்று சூடாகிச் சிறு பருக்கள் போலக் கிளம்பினால் அது ரோசேசியா என்ற முகத் தோல் அழற்சியாக இருக்கலாம். எரிச்சல் நீங்கிய பின்னும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஒட்டுச் சோதனை கேளுங்கள்: சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். செலவும் அலைச்சலும் உள்ள சோதனைதான், ஆனால் பல ஆண்டு ஊகத்தை அது முடித்துவைக்கும்.

அறிகுறி 5: கைகள் வெடித்து எரிகின்றன

கழுவுதல், துவைத்தல், பாத்திரம் தேய்த்தல், நோயாளிகளைக் கவனித்தல் என்று நாள் முழுவதும் நீரில் புழங்கும் கைகளுக்கு வருவது இது. முதலில் மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் தங்கும் சோப்பே பலருக்குத் தொடக்கப்புள்ளி. நீரில் செய்யும் வேலைகளுக்கு உள்ளே பருத்திக் கையுறையும் வெளியே ரப்பர் கையுறையும் அணியுங்கள். உள்ளே வியர்வையால் நனைந்தவுடன் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத நேரங்களில் சோப்பைவிடக் கிளிசரின் கலந்த ஆல்கஹால் கைத்தேய்ப்பு (சானிடைசர்) தோலுக்குக் குறைவான கேட்டையே செய்கிறது. அது எரிவதற்குக் காரணம் ஏற்கெனவே உள்ள வெடிப்புகள். கழுவிய ஒவ்வொரு முறையும் கிரீம் தடவுங்கள், இரவில் களிம்பு பூசிப் பருத்திக் கையுறையோடு உறங்குங்கள்.

இரண்டு வாரத்தில் தேறவில்லையென்றால் உற்றுப் பாருங்கள். ஒரு கையில் மட்டும் உள்ளங்கை ரேகைகளில் மாவு தூவியதுபோல் செதிலும், கூடவே இரண்டு பாதங்களிலும் உரிதலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. ஒரு கை, இரு பாதம் என்ற இந்த அமைப்பே அதற்குரிய அடையாளம். விரல்களின் பக்கவாட்டில் ஜவ்வரிசிபோல் ஆழ்ந்த சிறு கொப்புளங்கள் அரித்தால் அது ஒருவகைக் கரப்பான். நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் சோரியாசிஸை நினைக்க வேண்டும். இந்த மூன்றிலும் மாய்ஸ்சரைசர் துணைதானே தவிர மருந்தாகாது.

அறிகுறி 6: குதிகால் வெடிப்பு

இரவில் கால்களைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஒற்றியெடுத்து, 20 முதல் 25 சதவீத யூரியா கிரீமைத் தடித்த விளிம்புகளில் தடவிக் காலுறை அணியுங்கள். ஆழ்ந்து இரத்தம் கசியும் பிளவில் பெட்ரோலியம் ஜெல்லி பூசிப் பிளாஸ்திரி ஒட்டினால் விளிம்புகள் சேரும். பிளேடால் சீவுவதைக் கைவிடுங்கள். குதிகால் திறந்த செருப்பு வெடிப்பை அகலப்படுத்தும். சர்க்கரை நோயோ காலில் உணர்வுக் குறைவோ இருப்பவர்கள் இதில் எதையும் தாமாகச் செய்யாமல் முதல் வெடிப்பிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அவர்களுக்கு ஒரு சிறிய பிளவே பெரும்புண்ணாக மாறும் வழியாகிவிடும்.

அறிகுறி 7: உதடு காய்ந்து உரிகிறது, பூசப் பூச இன்னும் காய்கிறது

நாக்கால் நக்குவதே முதற்காரணம், அதுவும் நக்குகிறோம் என்று தெரியாமலேயே நடப்பது. உதட்டைச் சுற்றி நாக்கு எட்டும் தூரம் வரை ஒரு கருத்த வளையம் விழுந்திருந்தால் வேறு சான்று வேண்டாம். என் மகனுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். அடுத்து, உதட்டுக் களிம்பில் மெந்தால், கற்பூரம், இலவங்கப்பட்டை, பழச்சுவை ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். அந்தக் குளிர்ச்சியான உணர்வே எரிச்சலின் தொடக்கம். அவற்றை நிறுத்தி இரண்டு வாரம் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் பூசுங்கள். பற்பசையின் சுவைப்பொருளும் நுரைப்பொருளும் அடுத்த சந்தேகத்திற்குரியவை. மாற்றிப் பார்ப்பது எளிது.

வாயின் இரு மூலைகளிலும் மட்டும் வெடித்தால் அது ஈஸ்ட் தொற்றாகவோ இரும்புச்சத்துக் குறைவாகவோ பொருந்தாத பல்செட்டாகவோ இருக்கலாம். வெயிலில் நெடுங்காலம் உழைத்தவருக்குக் கீழுதட்டில் ஒரே ஒரு திட்டு மூன்று வாரத்திற்கு மேல் ஆறாமல் சொரசொரத்தால் அதைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

அறிகுறி 8: மூக்கோரத்திலும் புருவத்திலும் மட்டும் செதில்

இது பெரும்பாலும் வறட்சியே அல்ல. மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், காதின் பின்புறம், தலை ஆகிய இடங்களில் மஞ்சள் கலந்த, சற்றே பிசுபிசுப்பான செதில் வந்தால் அது பொடுகோடு உறவுடைய அழற்சி. எண்ணெய்ப்பசை உள்ள இடங்களில் வாழும் ஒரு வகை ஈஸ்டுக்கு அதில் பங்கு உண்டு. வறட்சி என்று எண்ணித் தாவர எண்ணெய்களைப் பூசினால் அந்த ஈஸ்டுக்குத் தீனி போட்டதாகும். எண்ணெயை நிறுத்தி, கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தலையில் வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசி, நான்கு வாரம் பாருங்கள். முகத்துக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இது அடங்கும், திரும்பவும் வரும். அப்படி வருவது உங்கள் தவறல்ல.

அறிகுறி 9: அரிப்பு மட்டும், தோலில் ஒன்றும் தெரியவில்லை

அறிகுறி 2இன் கீழ் உள்ள குளியல் மாற்றங்களையும் மாய்ஸ்சரைசரையும் இரண்டு வாரம் செய்யுங்கள். வயதானவர்களின் அரிப்பில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடுகிறது. அரிப்பு இரவில் கூடி, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தென்பட்டு, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சிரங்கு; எல்லோரும் ஒரே நாளில் மருந்திட்டுக்கொள்ள வேண்டும். வட்டமாகப் பரவி ஓரம் தடித்து நடுவில் தெளிந்தால் படர்தாமரை. அதில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் பட்டால் வட்டம் மறைந்து உள்ளுக்குள் பரவும், பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

சொறிந்த தடங்கள் தவிர எதுவும் இல்லாமல் ஆறு வாரத்திற்கு மேல் அரித்தால், அல்லது கண் மஞ்சளாதல், எடை குறைதல், இரவில் வியர்த்து நனைதல் ஆகியவை சேர்ந்தால், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து, இரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குத் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, பொது மருத்துவரே தொடங்கிவைப்பார்.

மருத்துவரிடம் போகும்போது

கடந்த மூன்று மாதத்தில் தோலில் பட்ட எல்லாவற்றின் டப்பாவையும் டியூபையும், வெட்கப்படாமல், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டும் அதில் இருக்கட்டும். தோல் மோசமாக இருந்த நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றை வைத்திருங்கள், ஏனெனில் சந்திக்கும் நாளில் அது தணிந்திருக்கும். பூஞ்சை என்ற சந்தேகம் இருந்தால், அதற்கான கிரீம் எதையும் போகும் முன் நீங்களாகத் தடவ வேண்டாம். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை அதனால் பொய்த்துவிடும். அன்று காலை முகத்தில் ஒப்பனையும், கை கால்களில் களிம்பும் இல்லாமல், வெறும் நீரில் கழுவிய தோலோடு செல்லுங்கள்.